ஒன்றரை அடிச் சுவர்

இன்றைக்குக் காலை ஆறே முக்காலுக்கு உன் பக்கத்துச் சுவரிலிருந்து மூன்று தட்டு கேட்டது. தூக்கக் கலக்கத்தில் "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று பதில் சொல்லிக்கொண்டே எழுந்துபோய்க் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டேன். குழாயைத் திருகினால் காற்றுதான் வந்தது. இன்று தண்ணீர் வரும் நாள் இல்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது என்பது அதற்கும் அப்புறம். அதற்குள் நாலாவது தட்டு விழுந்தது, ஐந்தாவது, ஆறாவது. நீ ஒருநாளும் மூன்றுக்கு மேல் தட்டியதில்லை. உன் வீட்டை இடிக்க வந்தவர்களின் சுத்தியல் அது.

உனக்குத் தமிழ் படிக்க வராது. எனக்குக் கன்னடத்தில் கடிதம் எழுத வராது. பேசுவதற்கு மட்டும் நமக்கு எந்தப் பாஷையும் குறுக்கே நின்றதில்லை, நாள் முழுக்கப் பேசினோம். அதனால் என் பாஷையிலேயே எழுதுகிறேன். உன் மேல் கோபமாக இருக்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏன் என்று வரிசையாகச் சொன்னால்தான் உனக்குப் புரியும்.

உன் மகன் வீட்டை விற்றுவிட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், அவன் பிழைப்பு வேறு ஊரில். வாங்கியவர் கீழே காப்பிக் கடையும் மாடியில் வாடகை அறைகளும் கட்டப்போகிறாராம். அல்சூரில் இப்போது நம் தெருவுக்கு நல்ல காலம் பிறந்திருக்கிறது. பாரம்பரிய வீதி என்று தெருமுனையில் பலகை நட்டிருக்கிறார்கள். நடைபாதைக்குச் செதுக்கிய கல், வெள்ளைக்காரன் காலத்து மாதிரி விளக்குக் கம்பம், பால் பூத் சுவரில் யானை ஓவியம். சாக்கடைக்கு மூடி போடுங்கள் என்று நீயும் நானும் எத்தனை மனு எழுதினோம்! இப்போது மூடி வந்திருக்கிறது, அதில் பூ வேலைப்பாடு வேறு. மெட்ரோவுக்காகப் பூமியைக் குடைந்தபோது உதிராமல் நின்ற நம் ஆறு வீட்டு வரிசை, இந்த அழகுபடுத்தலில்தான் ஆட்டம் கண்டிருக்கிறது.

ஆட்டம் என்றால் சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. மாநகராட்சி என்ஜினியர் ஒருவர் வீடு வீடாக வந்து பார்க்கிறார். உறுதியான வீடு என்று எழுதினால் முகப்புக்கு அவர்களே சுண்ணாம்பு பூசித் தருவார்கள். பலவீனம் என்று எழுதினால் கதவில் மஞ்சள் காகிதம் ஒட்டுவார்கள், ஆள் வெளியேற வேண்டும். நாலாவது வீட்டுப் பெரியவர் அப்படித்தான் போன மாதம் பெட்டியோடு போனார். சரிசெய்துவிட்டுத் திரும்புவேன் என்று சொன்னார், இன்னும் காணோம். என் வீட்டைப் பார்க்க என்ஜினியர் இன்று நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

உன் வீட்டுக்கு வந்த மேஸ்திரி திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். காலையில் நான் எட்டிப்பார்த்ததும் கும்பிட்டார். "பயப்படாதீங்கம்மா. காமன் செவுத்துல நாங்க கை வெக்க மாட்டோம். ஓடு இறக்கியாச்சு. ரெண்டு மணிக்கு பிரேக்கர் மிஷின் வருது, நடு செவுத்தையும் தரையையும் உடைச்சிட்டா எங்க வேலை முடிஞ்சிது" என்றார்.

"மிஷின் ஆட்டினா இந்தச் செவுரு தாங்குமா?" என்று கேட்டேன்.

"ஒன்றரை அடி செங்கல் செவுரும்மா. அந்தக் காலத்து வேலை. யானையைக் கட்டினாலும் தாங்கும்."

நான் உள்ளே வந்துவிட்டேன். அந்தச் சுவர் முழுச் சுவர் இல்லை, அதன் நடுவே ஒரு பொந்து இருக்கிறது, அதை இரண்டு பெண்கள் சேர்ந்து குடைந்தோம் என்று அவருக்கு எப்படிச் சொல்வது? சொன்னால் மேஸ்திரி என்ஜினியரிடம் சொல்வார். நாலு மணிக்கு என் கதவில் மஞ்சள் காகிதம். சொல்லாவிட்டால் இரண்டு மணிக்கு மிஷின். நம் இரண்டு வீட்டு உத்தரமும் அந்தப் பொந்துக்கு நேர் மேலேதான் தலை வைத்திருக்கின்றன என்பது எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்.

மகளுக்குப் போன் போட்டேன். அந்தப் பொந்தைக் குடைந்தபோது அவளுக்கு எட்டு வயது, அதன் வழியாக முதலில் போனவள் அவள்தான். "அதெல்லாம் இன்னும் ஞாபகம் வெச்சிருக்கியாம்மா? சொல்லிடு. மஞ்ச பேப்பர் ஒட்டினா நல்லதுதான். வைட்பீல்டுல எங்ககூட வந்து இரு" என்றாள். பதினாலாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் புறா வலை. அங்கே நான் எந்தச் சுவரைத் தட்டுவது, யார் திருப்பித் தட்டுவார்கள்? போனை வைத்துவிட்டேன்.

காவிரிக்காக ஊர் கொந்தளித்த அந்த டிசம்பரைப் பற்றி அப்புறம் நாம் பேசியதே இல்லை. ஆனால் ஒவ்வொரு நிமிஷமும் எனக்கு அப்படியே இருக்கிறது. மத்தியானம் மூன்று மணி. தெருமுனைத் தையல்கடை எரிகிற நாற்றம். என் வீட்டுக்காரர் வாசலில் தமிழில் எழுதின பெயர்ப்பலகையைக் கழற்றப் போராடிக்கொண்டிருந்தார், துருப்பிடித்த ஆணி வரவே இல்லை. நம் வரிசைக்குப் பின்வாசல் கிடையாது. தெருவில் இறங்கினால் தமிழர் வீடுகளைத் தேடி வந்த கும்பலின் கையில், வீட்டுக்குள் இருந்தாலும் அவர்கள் கையில். அப்போதுதான் மூன்று தட்டு கேட்டது.

தண்ணீர் வந்தால் தட்டுவது நம் வழக்கம். ஒருநாள் விட்டு ஒருநாள், விடிகிற நேரத்தில், யார் முதலில் விழித்தாலும் மற்றவளைத் தட்டி எழுப்ப வேண்டும். அந்த நேரத்தில் எந்தத் தண்ணீர் வரும்? சுவரில் காதை வைத்தேன்.

"கட்டிலை நகர்த்து கணே. நான் இந்தப் பக்கம் உடைக்கறேன். நீ அந்தப் பக்கம் உடை. பேக, பேக! சீக்கிரம்!"

உன் கையில் விறகு பிளக்கும் கோடாலி, எங்கள் கையில் கடப்பாரை. மண்சாந்துச் சுவர், நெம்பினால் செங்கல் ஆடிய பல் மாதிரி வந்தது. வெளியே இருந்த கூச்சலில் எங்கள் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. முழங்கால் உயரத்தில் ஓர் ஆள் தவழ்ந்து போகும் அளவுக்கு ஓட்டை விழுந்தது. குழந்தை போனாள், நான் போனேன், இவருக்கு வயிறு இடித்தது. இன்னும் இரண்டு செங்கல் எடுக்க வேண்டியிருந்தது. அந்த நேரத்திலும் நீ, "ஊட்டா சொல்ப கம்மி மாடி ஸார்" என்றாய். சாப்பாட்டைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னதும் பயத்தில் இருந்த மனிதர் சிரித்துவிட்டார். அதற்கு மேல் எதுவும் கேட்காமல் எங்களைச் சாமான் அறையில் தள்ளிக் கதவைச் சாத்தினாய்.

அவர்கள் வந்தார்கள். என் ஜன்னல் உடைகிற சத்தத்தை உன் வீட்டுக்குள்ளிருந்து கேட்டேன். பிறகு உன் கதவைத் தட்டினார்கள். பக்கத்து வீட்டுத் தமிழ்க்காரர்கள் எங்கே என்று கேட்டார்கள். ஊருக்குப் போய்விட்டார்கள் என்றாய். ஒருவன், உன் தலையெல்லாம் என்ன செங்கல் தூசி என்று கேட்டான். என் மகளின் வாயை இன்னும் இறுக்கிப் பொத்தினேன். நீ குரலை உயர்த்தி, கூரை உதிர்கிறது, வந்து ரிப்பேர் செய்து கொடேன் என்று அவனையே அதட்டினாய். அவன் போய்விட்டான். அதற்குப் பிறகு நீ உள்ளே வந்து, கையிலிருந்த தூசியை மறைக்கப் பூசிக்கொண்ட ராகி மாவோடு தரையில் உட்கார்ந்து, சத்தம் வராமல் அழுதாய்.

இரண்டு நாள் உன் வீட்டில் தமிழ் பேசாமல் இருந்தோம். குழந்தைக்குச் சைகைதான். உன் மகன் அப்போது துமகூரில் உன் அம்மா வீட்டில் இருந்தான். உன் வீட்டுக்காரர் ஊரடங்கில் ஃபேக்டரியிலேயே மாட்டிக்கொண்டிருந்தார். நாளைக் காலை வருகிறேன் என்று மூன்றாம் நாள் அவரிடமிருந்து தகவல் வந்ததும் உனக்கு வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. அவர் நல்லவர்தான், பாவம். ஆனால் ஒரு விஷயம் அவர் வயிற்றில் அரை நாள் தங்காது. டீக்கடையில் கொட்டிவிட்டால் அப்புறம் உன் வீட்டுக் கதவையும் அவர்கள் குறித்துவைத்துக்கொள்வார்கள்.

தெருவும் அடங்கியிருந்தது, அதனால் நாங்கள் எங்கள் வீட்டுக்குத் திரும்பி, அன்றைக்கே ஓட்டையை அடைத்தோம். நல்ல செங்கல்லை எல்லாம் பொறுக்கி என் பக்கமே தள்ளிவிட்டாய். நான் ஒற்றை வரிசை அடுக்கி, மேலே சிமெண்ட் பூசினேன். வீட்டில் ஓட்டைச் சட்டியை அடைக்க வைத்திருந்த சிமெண்ட்.

"எத்தனை வரிசை வெச்சே?" என்று பாதி மூடின ஓட்டை வழியாகக் கேட்டாய்.

"ஒத்தை வரிசைதான். செங்கல் போதல."

"சாக்கு, அது போதும். என் பக்கத்தை நான் பார்த்துக்கறேன். யார்கிட்டயும் சொல்ல பேடா, மூச்சு விடாதே."

கடைசிச் செங்கல்லை வைக்கும்போது உன் கண் ஒன்று மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை. நான் பூசின பூச்சு கூனல் விழுந்திருந்தது. இவர் சாகும்வரை அதைச் சொல்லிக் கேலி செய்தார்.

அப்புறம் எத்தனை வருஷம்! ஊர் ஆறியது, நாமும் ஆறினோம். குழாயில் வந்த தண்ணீரும் காவிரித் தண்ணீர்தான், அதை நீ எனக்கும் நான் உனக்கும் தட்டிச் சொல்லிக்கொண்டே இருந்தோம். அந்த நாட்களில் இரண்டு விஷயத்துக்காக உன்னைச் சீண்டிக்கொண்டே இருப்பேன். ஒன்று உன் பச்சை அலமாரி. கல்யாணத்துக்கு உன் அப்பா செய்து கொடுத்தது, அதற்குப் பின்பலகை கிடையாது. புடவையை வைத்தால் பின்னால் போய் விழும். "செல்லு தின்னுடுச்சு" என்பாய். எந்தக் கரையான் பின்பலகையை மட்டும் அளவெடுத்துத் தின்கிறது என்று கேட்டால் "சும்னிரே" என்று வாயை அடைப்பாய்.

இன்னொன்று, சுவரின் அந்த இடத்தில் நீ எதையும் வைக்க விடாதது. சுருட்டின பாய் இரண்டு சாய்த்திருக்கும், அவ்வளவுதான். உன் மருமகள் வந்த புதிதில் ஃபிரிட்ஜை அங்கே வைக்க ஆசைப்பட்டாள். மூன்று நாள் சாப்பிடாமல் அடம் பிடித்து அதை வாசல் பக்கமே நிறுத்தினாய். பூச்சு உடைந்து குட்டு வெளியே வந்துவிடும் என்று பயப்படுகிறாய் என்று நினைத்தேன். இத்தனை வருஷம் கழித்தும் இவளுக்கு என்ன பயம் என்றுகூட நினைத்தேன்.

என் வீட்டிலும் ஒரு காணாமல்போன கதை இருந்தது. எங்கள் கடப்பாரை. நான்தான் எடைக்குப் போட்டுவிட்டேன் என்று இவர் என்னைத் திட்டாத பொங்கல் கிடையாது. நான் போடவில்லை என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டார்.

எனக்கு உன்மேல் இருந்த ஒரே மனத்தாங்கல், ஊர் இரண்டாம் முறை பற்றி எரிந்த அந்தச் செப்டம்பர் வாரம்தான். அப்போது இவர் இல்லை, நான் தனி ஆள். பஸ்கள் எரிவதை டிவியில் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தார்கள். நீ வந்து என்னைக் கையோடு உன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவாய் என்று துணிகளைக்கூட ஒரு பையில் போட்டு வைத்திருந்தேன். வந்தாய். கையெல்லாம் வெள்ளை. சுண்ணாம்பு வாசனை.

"என்ன இது?"

"செவுத்துக்கு சுண்ணாம்பு அடிச்சேன். தசரா வருதல்லா."

ஊர் எரிகிறது, இவள் சுண்ணாம்பு அடிக்கிறாள். என் வயிறு எரிந்தது. நீ ஒரு கிண்ணத்தில் வேகவைத்த கடலைக்காயை வைத்துவிட்டு, "ஏதாச்சும்னா தட்டு" என்று சொல்லிவிட்டுப் போனாய். தட்டினால் என்ன ஆகும்? நடுவில் செங்கல்லும் சிமெண்டும் இருக்கிறது, நானே பூசினேன். இப்போது மருமகளும் பேரனும் இருக்கிறார்கள், பழைய மாதிரி ஆபத்தைத் தலையில் இழுத்துப்போட்டுக்கொள்ள மாட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். அன்று கடலைக்காயைத் தொடவில்லை. பையைப் பிரித்துத் துணிகளை மடித்து வைத்தேன். அந்த வாரம் யாரும் வரவில்லை, ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அந்த மனத்தாங்கலை நீ ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்திருந்தபோதுகூட நான் முழுசாக விடவில்லை. இதை இப்போது சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது.

சரி, இன்றைய கதைக்கு வருகிறேன். பன்னிரண்டரைக்குச் சுத்தியல் நின்றது. சாப்பாட்டு நேரம். நான் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். மனசுக்குள் கணக்குப் போட்டேன். மிஷின் நடுச் சுவரில்தானே வேலை செய்யப்போகிறது, இதற்கு ஒன்றும் ஆகாது. ஆனாலும் ஆனால்? நாலு மணி வரைக்கும் தாங்கினால் போதும். என்ஜினியர் கையெழுத்துப் போட்டுவிட்டால் அப்புறம் மெதுவாக நானே ஆள் வைத்துச் சரி செய்துகொள்ளலாம். இப்படி நினைத்தவள் நான்தான், வேறு யாரும் இல்லை.

அப்போது சுவருக்குள்ளிருந்து இருமல் கேட்டது. காதுக்குப் பக்கத்தில் யாரோ இருமுகிற மாதிரி, அவ்வளவு தெளிவாக. உன் வீட்டுக் குக்கர் விசிலும் நீ பேரனைத் திட்டுவதும் எப்போதுமே எனக்கு அந்த இடத்தில் அப்படித்தான் கேட்கும். பழைய சுவர், சத்தம் கடத்துகிறது என்று விட்டுவிட்டிருந்தேன். இருமியது மல்லவ்வா. ராய்ச்சூர் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்திருப்பவள், காலையில் என்னிடம் குடிக்கத் தண்ணீர் வாங்கிக்கொண்டு போனவள். ரொட்டி தின்றுவிட்டு, கூரை இல்லாத வீட்டில் நிழல் விழுந்த ஒரே இடம் பார்த்துச் சுவரில் முதுகைச் சாய்த்திருக்கிறாள். சரியாக அந்தப் பொந்து இருக்கும் இடத்தில். அவளோடு இன்னொருத்தியும் இருக்கிறாள் போலிருக்கிறது, இரண்டு பேர் பேசிச் சிரிப்பது கேட்டது. தெருவில் மிஷின் வண்டி வந்து நிற்கிற சத்தமும் கேட்டது. மணி ஒன்றேகால்தான். சீக்கிரமே வந்துவிட்டது.

தட்டைக் கீழே வைத்தேன். எச்சில் கையோடே சுவரில் மூன்று தட்டுத் தட்டினேன்.

"யாரவ்வா?" என்றாள் அவள்.

"ஏளம்மா! அல்லிந்த ஏளு!" என்று கத்தினேன். எழுந்திரு, அங்கேயிருந்து எழுந்திரு. கன்னடத்தில் நான் கத்தினது அதுதான் முதல் தடவை, உன்னோடு சண்டை போடும்போதுகூடத் தமிழில்தான் போடுவேன். செருப்பு போடாமல் தெருவில் ஓடினேன். எழுபதை நெருங்குகிற கிழவி செங்கல் குவியலின் மேல் ஏறி உன் வீட்டுக்குள் நுழைவதைப் பார்த்து மேஸ்திரி பயந்துபோனார்.

"மிஷினை நிறுத்துங்க. அந்தச் செவுரு முழுசு இல்ல. நடுவுல பொந்து இருக்கு" என்றேன்.

"பொந்தா? யாரும்மா போட்டது?"

"நாங்கதான்."

மல்லவ்வாவும் மற்றவளும் வாசலுக்குப் போயிருந்தார்கள். மேஸ்திரி சுத்தியல் காம்பால் சுவரைத் தட்டிக்கொண்டே வந்தார். டக், டக், டக். பாய் சாய்த்திருந்த இடத்துக்கு வந்ததும் சத்தம் மாறியது. அவர் முகமும் மாறியது. மேலே உத்தரத்தைப் பார்த்தார். "ஜாக்கி கொண்டாங்கடா" என்று சத்தம் போட்டார். ஆட்கள் அவசரமாக முட்டுக் கொடுத்து முடித்தார்கள். மிஷின்காரர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்து நின்றார்.

பிறகு மேஸ்திரி உளி எடுத்துச் சுரண்டினார். சுண்ணாம்பு, சுண்ணாம்புக்கு அடியில் ஒட்டின துணி, துணிக்கு அடியில் பச்சைப் பெயிண்ட்.

செங்கல் இல்லை. பலகை. உன் அலமாரியின் பின்பலகை. நாலு மூலையிலும் ஆணியில் சுழலும் சின்னக் கட்டை. மேஸ்திரி ஒவ்வொன்றாகத் திருப்பினார். பலகை கையோடு வந்துவிட்டது. "இது அடைச்சது இல்லம்மா, கதவு மாதிரி வெச்சிருக்காங்க" என்றார்.

உள்ளே இருட்டு. இருட்டுக்கு அந்தப் பக்கம் நான் அடுக்கின ஒற்றை வரிசைச் செங்கல்லின் முதுகு. அதன்மேல் சாய்த்து வைத்திருந்தது எங்கள் கடப்பாரை. அதைச் சுற்றிக் காலண்டர் தாள் ஒன்றைச் சுருட்டி நூலால் கட்டியிருந்தாய். தாளை நான் பிரித்தேன். செப்டம்பர். எந்த வருஷத்துச் செப்டம்பர் என்று மேலே அச்சிட்டிருந்தது.

சுண்ணாம்புக் கையோடு நீ வந்து நின்ற அதே செப்டம்பர்.

அந்த வாரம் நீ அதைத் திறந்திருக்கிறாய். திறந்து, கடப்பாரை இருக்கிறதா என்று பார்த்து, துடைத்து, புதுத் தாள் சுற்றி, கைக்கு எட்டுகிற மாதிரி வைத்து, மூடி, மேலே சுண்ணாம்பு அடித்துவிட்டு என்னிடம் வந்து "ஏதாச்சும்னா தட்டு" என்று சொல்லியிருக்கிறாய். ஒற்றை வரிசைதான் என்று அன்றைக்கு நான் சொன்னதை மறக்காமல் வைத்திருந்து, அதை உடைக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று மனசுக்குள் போட்டுப் பார்த்திருப்பாய். என் பக்கத்தை நான் சிமெண்ட் வைத்து அடைத்தேன். உன் பக்கத்தை நீ அடைக்கவே இல்லை.

அதுதான் கோபம். ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் அந்த வாரம் நான் தூங்கியிருப்பேன். கடலைக்காயைத் தின்றிருப்பேன். ஆஸ்பத்திரியில் உன் கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்திருப்பேன். நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். சொன்னால் நான் யாரிடமாவது பெருமையாக உளறியிருப்பேன் என்பாய். அதுவும் உண்மைதான். உன் வீட்டுக்காரர் வயிறு மாதிரிதான் என் வாயும். ஆனாலும் சொல்லியிருக்கலாம். செங்கல் தூசியில் உட்கார்ந்து நான் அழுதேன். மல்லவ்வா பக்கத்தில் வந்து உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தாள், காரணம் கேட்கவில்லை.

என்ஜினியர் நாலு மணிக்கு வந்தார். சின்ன வயசு, மரியாதையாக "ஆன்ட்டி" என்று கூப்பிட்டார். பொந்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். எப்போது, யார், ஏன் என்று கேட்டார். எப்போது என்று சொன்னதும் ஏன் என்று மறுபடி கேட்கவில்லை. அவர் பெற்றோர் சொல்லிக் கேட்டிருப்பார். பேனாவை எடுத்து, "எழுதாம இருக்க முடியாது ஆன்ட்டி" என்றார்.

"எழுதுங்க" என்றேன்.

இப்போது என் கதவில் மஞ்சள் காகிதம் ஒட்டியிருக்கிறது. முப்பது நாளுக்குள் சுவரைச் சரிசெய்து காட்டினால் அவரே வந்து கிழித்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை நான் உள்ளே இருக்கக் கூடாது. நாளைக்கு மகள் வண்டியோடு வருகிறாள். அவள் ஒரு தடவை கூட்டிக்கொண்டு போனால் திருப்பி அனுப்புவாளா என்பது எனக்கு நிச்சயமில்லை. பெரிய பையை அவள் எடுத்து வருவதாகச் சொன்னாள், சின்னப் பை போதும் என்று சொல்லியிருக்கிறேன். நாலாவது வீட்டுப் பெரியவரும் திரும்புவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார் என்பது நினைவுக்கு வராமல் இல்லை. பயமாகத்தான் இருக்கிறது.

மேஸ்திரியிடம் இரண்டு பக்கமும் முழுக்கச் செங்கல் வைத்து நல்ல சிமெண்டில் அடைக்கச் சொல்லிவிட்டேன். காப்பிக் கடைக்காரருக்கும் இந்தச் சுவர் உறுதியாக இல்லாமல் ஆகாது, அவர் சரியென்றுவிட்டாராம். அடைப்பதற்கு மனசு வந்ததா என்று கேட்பாய். மல்லவ்வா முதுகு சாய்த்த இடம் அது, அடைக்காமல் எப்படி விடுவது? பலகையை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். அது உன் மருமகளிடம் போக வேண்டும், அந்த அலமாரி இன்னும் அவளிடம்தான் இருக்கிறது, இனிமேலாவது புடவை விழாமல் இருக்கட்டும்.

கடப்பாரையை நான் யாருக்கும் தருவதாக இல்லை. திரும்பச் சுற்றி, அதே செப்டம்பர் தாளில், கட்டிலுக்கடியில் சுவரோரமாக வைத்திருக்கிறேன். மகள் பார்த்தால் இது எதற்கு என்பாள். புதுச் சுவர் இரண்டு வரிசையாக இருக்கும், எனக்கு அப்போதைய பலமும் இல்லை, உடைக்க நேரம் கூடுதலாக ஆகும், அதுவும் தெரியும். உன் வீட்டில் மாடி எழும்பினதும் யாராவது வாடகைக்கு வருவார்கள். எந்த ஊர்க்காரர்களோ, என்ன பேசுவார்களோ. அவர்கள் சாமான் இறக்குகிற அன்றைக்கு நான் இங்கே இருக்க வேண்டும், எப்படியாவது இருந்துவிடுவேன். வாசலில் போய் நின்று, தண்ணீர் எந்தெந்த நாள் வரும் என்று முதலில் சொல்வேன். அப்புறம், ஏதாச்சும்னா தட்டுங்க என்று சொல்வேன்.